அடியில் கிடப்பவரின் பொறி

காரின் அடிப்பக்கத்தை முழுதாகப் பார்த்தவர்கள் இரண்டு வகையினர். அதன் கீழே மல்லாந்து கிடந்து வேலை பார்த்தவர்கள் ஒரு வகை. நெடுஞ்சாலை ஓரத்தில் கவிழ்ந்து கிடந்த வண்டியைக் கடந்துபோனவர்கள் இன்னொரு வகை. மற்றவர்களுக்குக் கார் என்பது கூரையில் தொடங்கிக் கதவுக்குக் கீழே முடிந்துவிடுகிற பொருள். ஷோரூமில் வண்ணம் பார்க்கிறோம், இருக்கையில் உட்கார்ந்து பார்க்கிறோம், கதவைச் சாத்தி ஓசை கேட்கிறோம். குனிந்து அடியைப் பார்ப்பவர் பழைய கார் வாங்குகிறவர் மட்டுமே. அவரும் கூட வந்த மெக்கானிக் வற்புறுத்தினால்தான் குனிவார்.

ஆனால் கார் சாவது அடியிலிருந்துதான். எஞ்சினைப் பிரித்து மாட்டிவிடலாம், கியர்பாக்ஸ் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்துவிடும். அடித்தகடு போனால் வண்டியே போயிற்று. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை மடித்து, பெட்டி பெட்டியாக்கி, புள்ளி புள்ளியாகப் பற்றவைத்துச் செய்த கூடு அது. தனியாகச் சேஸிஸ் கிடையாது, அந்த மடிப்புகளே சேஸிஸ். இத்தாலியின் லான்சியா லாம்ப்டா 1922இல் இந்த வழியைக் காட்டியது. 1934இல் வந்த பிரான்சின் சித்ரோயன் டிராக்ஷன் அவான் அதைப் பெருந்தொகையில் செய்துகாட்டியது. நம் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் அந்த மரபில் வந்தவைதாம். கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை, 'சில்' என்று ஓர் உட்புழைப் பெட்டி ஓடுகிறது. வண்டி நடுவில் தொய்யாமல் நிற்பது அதனால். சக்கரம் வாரியடித்த சேறு அதற்குள் புகுந்து தங்கும், வடிதுளை அடைபடும். மேலைநாடுகளில் பனிக்காலச் சாலையில் கொட்டுகிற உப்பும் சென்னையில் கடற்காற்றும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். ஸ்குரூடிரைவரால் குத்தினால் பிடிவரை உள்ளே போய்விடும்.

இதைச் சரிசெய்ய இரண்டே வழி. ஆள் கீழே போக வேண்டும், இல்லையென்றால் அடி மேலே வர வேண்டும்.

இரண்டாவது வழிக்கென்று ஒரு சட்டம் உண்டு. எஞ்சின், அச்சுகள், கண்ணாடி, இருக்கை, ஒயர் எல்லாம் கழற்றிய வெறுங்கூட்டை முன்னும் பின்னும் இரண்டு தூண்களில் பிடித்து, நீளவாக்கில் ஓர் அச்சில் சுழலவிடுவது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டுக் கொட்டகையில் பழைய கார்களை மீட்பவர்கள் இதை ரொட்டிசெரி என்கிறார்கள். நம் ஊர் கிரில் சிக்கன் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் கோர்த்த கோழி சுற்றுகிறதே, அதே ஏற்பாடு. கடையில் விற்பதும் உண்டு. ஆனால் தானே கட்டிக்கொள்கிறவர்கள்தாம் அதிகம். இப்போது நம் பக்கத்திலும் பழைய பியட்டை மீட்கும் சிலர் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.

வெல்டிங் கற்றுத்தரும் இடத்தில் நான்கு நிலைகளைச் சொல்லித்தருவார்கள். 1ஜி என்பது தட்டையாகக் கிடக்கும் வேலை, 2ஜி கிடைக்கோடு, 3ஜி செங்குத்து, 4ஜி தலைக்கு மேல். முதலாவதில் உருகிய உலோகம் தானாகவே இடத்தில் அமரும். நான்காவதில் அது கீழே இறங்கப் பார்க்கும், கீழே இருப்பது வெல்டரின் முகம். அதுவும் காரின் அடியில் என்றால் துரு அரித்து ஓரம் மெலிந்த தகடு, நாற்பது வருஷத்துத் தார்ப்பூச்சு, சூடு பட்டதும் புகைந்து தீப்பிடிக்கிற அழுக்கு. பொறி காலருக்குள் இறங்கும், காதுக்குள்ளும் போகும். கிரைண்டர் தூள் கண்ணாடியின் ஓரவழியாக நுழையும். ராத்திரி கண் எரிந்து தூக்கம் வராமல் உருளைக்கிழங்கு வில்லையைக் கண்மேல் வைத்துப் படுத்த வெல்டர்கள் நம் ஊரில் ஏராளம். காரைச் சுழற்றிவிட்டால் நான்காம் நிலை முதல் நிலையாகிவிடுகிறது. இந்தப் பொறியின் மொத்த நியாயமும் இந்த ஒரு மாற்றம்தான். துரு சுரண்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் அதனோடு சேர்ந்து எளிதாகின்றன, அவ்வளவே.

எல்லாவற்றையும் இப்படித் திருப்ப முடியாது என்பது சரி. சித்தன்னவாசல் விதானத்தில் தாமரைக் குளத்தைத் தீட்டியவர்கள் கழுத்தை ஒடித்துக்கொண்டுதான் தீட்டியிருக்க வேண்டும், மலையைத் திருப்ப யாராலும் ஆகாது. கார் மலையில்லை. சிறிய கார் ஒன்றின் வெறுங்கூடு இருநூறு முந்நூறு கிலோ, ஐந்தாறு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். அப்படியிருந்தும் காரைத் திருப்பலாமே என்ற எண்ணம் எல்லாருக்கும், எல்லா இடத்திலும் வரவில்லை. எங்கே வந்தது, எங்கே வரவில்லை என்று பார்ப்பதில்தான் எனக்கு ஈடுபாடு.

முதலில் பொறியைக் கட்டிவிடுவோம்.

வெளிநாட்டுக் கொட்டகைக்காரர்களில் பலர் இரண்டு எஞ்சின் ஸ்டாண்டுகளிலிருந்து தொடங்குகிறார்கள். கழற்றிய எஞ்சினை மாட்டித் திருப்பி வேலை பார்ப்பதற்கான ஸ்டாண்டு அங்கே மலிவு, ஆயிரம் பவுண்டு தாங்கும் என்று அட்டையில் போட்டு விற்பார்கள். இரண்டு வாங்கி எதிரெதிரே நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. அந்த ஸ்டாண்டின் சுழல்குழாய் சற்றே அண்ணாந்தபடி இருக்கும், எஞ்சின் எடையில் தொய்ந்து நேராகட்டும் என்று. இரண்டு ஸ்டாண்டும் எதிரெதிரே அண்ணாந்து நின்றால் இரண்டு அச்சும் ஒரே கோட்டில் அமையாது. அவற்றுக்கு நடுவே காரைச் சுழற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் கூட்டை முறுக்குகிறோம் என்று பொருள். விவரம் தெரிந்தவர்கள் அந்தச் சாய்வை வெட்டி நேராக்குகிறார்கள். அதைவிட விவரமானவர்கள் ஸ்டாண்டே வாங்காமல் பழைய இரும்புக் கடைக்குப் போகிறார்கள்.

சதுரக் குழாய்க்குள் இறுக்கமாக நுழையும் இன்னொரு சதுரக் குழாய், உயரத்தை மாற்ற. வட்டக் குழாய்க்குள் சுழலும் இன்னொரு வட்டக் குழாய், திருப்ப. நடுவில் கிரீஸ். பேரிங் போடுகிறவர்கள் உண்டு, என் பார்வையில் அது வீண் செலவு. இது என்ன மின்விசிறியா? ஒரு நாளைக்கு நாலு தடவை திரும்பினால் அதிகம். குழாய்க்குள் குழாய் உரசுகிற உராய்வே இங்கே நல்லது, சின்னச் சின்ன எடை வித்தியாசத்தை அது பிடித்துக்கொள்ளும். நிறுத்திய கோணத்தில் பூட்டுவதற்கு ஒரு வட்டத் தகடு, அதன் விளிம்பில் சுற்றிலும் துளைகள், துளையில் செருக ஒரு கனத்த கம்பி. வசதியுள்ளவர்கள் பழைய வார்ம் கியர்பெட்டி ஒன்றைத் தேடிப் பொருத்துகிறார்கள். அதில் கைப்பிடியைச் சுற்றினால் கார் திரும்பும், காரால் கைப்பிடியைத் திருப்ப முடியாது. இதை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன்.

இரண்டு தூண்களையும் தரைமட்டத்தில் இணைக்கும் நீளக் குழாய் வேண்டுமா என்பதில் பெரிய சண்டை. காரே இணைப்புதானே, எதற்கு இன்னொன்று என்று ஒரு கட்சி. நடுவில் குழாய் ஓடினால் காலில் இடறுகிறது என்பது அவர்களுடைய உபரி வாதம். துருவேறியது என்பதற்காகத்தான் காரைத் தொங்கவிட்டிருக்கிறோம், அதன் வலுவை நம்பியா தூண்களை நிறுத்துவது? இடறினால் இடறட்டும், குழாய் இருக்கட்டும்.

அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கார்தான் சொல்லும். பத்மினி போன்ற வண்டி அகலத்திலும் உயரத்திலும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். சுற்றும்போது கூரையின் மூலை தரையைத் தட்டாமலிருக்க அச்சு ஒரு மீட்டருக்குமேல், அதாவது நிற்கும் ஆளின் இடுப்புக்குச் சற்று மேலே அமைய வேண்டும். வேலை செய்ய வாகான உயரமும் அதுவே. ஆளின் அளவும் காரின் அளவும் இங்கே தற்செயலாக ஒத்துப்போகின்றன.

காரைப் பிடிக்கும் கைகளைப் பொருத்துவது பம்பர் மாட்டும் இடத்தில். அங்கேதான் சிக்கல். மீட்க வேண்டிய வண்டியில் அந்த இடமே உளுத்துப்போயிருக்கலாம். அப்போது காரைச் சுழற்றுவதற்கு முன்பு அதன் இரண்டு முனைகளையாவது பழைய முறையில், கீழே படுத்து, ஒட்டுப்போட்டுத்தான் ஆக வேண்டும். பொறி எத்தனை கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் தொடக்கத்தில் யாராவது கிடந்தே தீர வேண்டும். இரண்டு முனையில் பிடித்துத் தொங்கவிட்ட கூடு நடுவில் தொய்யும், கதவு வாசலின் மேல்பக்கம் குறுகும். கவிழ்த்தால் தொய்வு எதிர்ப்பக்கம். ஆகவே கதவுகளை மாட்டி இடைவெளி அளந்து குறித்துக்கொண்டு, வாசல்களின் குறுக்கே இரும்புச் சட்டம் ஒட்டிய பிறகே சில்லை வெட்ட வேண்டும். வரிசை மாறினால் எல்லாம் முடிந்து பெயிண்டும் அடித்தபின் கதவு சாத்தாது. அதைத் திருத்த எந்தப் பொறியும் இல்லை.

இதுவரை சொன்னது லேத்தும் வெல்டிங் மெஷினும் உள்ள யாரும் செய்துவிடக்கூடிய இரும்புவேலை. இனி வருவது வேறு.

காரின் எடை மொத்தமும் ஒரு புள்ளியில் கூடுவதாகக் கொண்டால் அந்தப் புள்ளி எங்கே? அடித்தகடும் சில்லும் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள சுவரும் கனம், கூரை இலேசு. ஆகவே அது நடு உயரத்துக்குக் கீழே, அடித்தகட்டுக்கு மேலே விழும். இருக்கைகளைக் கழற்றிய வெற்றிடத்தில், ஒருகாலத்தில் பயணிகள் உட்கார்ந்திருந்த உயரத்தில் எங்கோ. அங்கே இரும்பே கிடையாது. தொட முடியாது, சாக்பீஸால் வட்டம் போட முடியாது. அந்தக் காற்றுவெளிப் புள்ளியின் ஊடாகத்தான் முன்தூணிலிருந்து பின்தூணுக்கு ஓடும் அச்சுக்கோடு போயாக வேண்டும்.

கோடு புள்ளிக்கு மேலே போனால் கார் ஊசலாடும். எவ்வளவு தள்ளினாலும் அடிப்பக்கம் கீழேயே வந்து நிற்கும், திருப்பிப் பிடிக்க இரண்டு ஆள் தேவைப்படும். கோடு புள்ளிக்குக் கீழே போனால் ஆபத்து. பூட்டை எடுத்த மாத்திரத்தில் வண்டி தலைகுப்புறக் கவிழும், வழியில் இருக்கிற முழங்கையையும் சேர்த்து. இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடம் இருக்கிறது. அங்கே கோடு அமைந்துவிட்டால் ஒற்றைக் கையால் காரைத் திருப்பலாம், விட்ட இடத்தில் விட்ட கோணத்தில் நிற்கும்.

கணக்குப் போட்டு அந்த இடத்தைக் கண்டுபிடிப்பவர் அரிது. எல்லாரும் செய்வது ஒன்றுதான். ஓர் உயரத்தில் மாட்டுவது, பூட்டைத் தளர்த்துவது, மெல்லத் தள்ளி எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பது. அடி கீழேயே வந்து நின்றால் அச்சைவிட்டுக் காரைச் சற்று உயர்த்துவது, கவிழப் பார்த்தால் இறக்குவது. பக்கவாட்டிலும் இதே விளையாட்டு. வலப்பக்கம் புதுத்தகடு ஏறியிருக்கும், இடப்பக்கம் இன்னும் ஓட்டையாக இருக்கும், கார் ஒருக்களித்தே நிற்கும். இவ்வளவு செய்து சமன் கண்டபிறகும் வேலை முடிவதில்லை. உளுத்த அடித்தகட்டை வெட்டி எறிந்ததும் புள்ளி மேலே ஏறிவிடுகிறது. நேற்றுவரை சாதுவாகத் திரும்பிய வண்டி இன்று கவிழப் பார்க்கும். அது தெரியாமல் பழக்கதோஷத்தில் பூட்டை எடுப்பவருக்குத்தான் அடி. புதுத்தகடு ஒட்டினால் புள்ளி திரும்பவும் இறங்கும். அதனால்தான் பட்டறிவுள்ளவர்கள் கைகளில் துளை போடாமல் நீளப் பிளவு விட்டு, நீளத் திருகாணி ஒன்றால் ஏற்றி இறக்கும்படி வைக்கிறார்கள். வேலை நடக்க நடக்க மையம் நகர்கிறது, அச்சு அதன் பின்னாலேயே போக வேண்டியிருக்கிறது. மீட்பு வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தத் துரத்தல்தான்.

காரைத் திருப்பியவர்களில் இந்தக் கொட்டகைக்காரர்கள் முதல் ஆட்கள் இல்லை. தொழிற்சாலைகள் அவர்களுக்கு முன்பே செய்தன, காரணம்தான் வேறு. ஹென்றி ஃபோர்டு 1914இன் தொடக்கத்தில் தன் அசெம்பிளி வரிசையைத் தரையிலிருந்து உயர்த்தினார். உயரமான ஆட்களுக்கு 26¾ அங்குலத்தில் ஒரு வரிசை, குள்ளமானவர்களுக்கு 24½ அங்குலத்தில் இன்னொன்று. கால் அங்குலக் கணக்கில் மனிதர்களைப் பிரித்த நுட்பத்தைப் பாராட்டத்தான் வேண்டும். நகரும் வரிசையும் இந்த உயரமும் வேலையை மேலும் மேலும் கூறுபோட்டதும் சேர்ந்து ஒரு சேஸிஸைப் பூட்ட ஆன நேரத்தை 12 மணி 28 நிமிடத்திலிருந்து 1 மணி 33 நிமிடமாகக் குறைத்தன என்று அவரே தன் சுயசரிதையில் எழுதுகிறார். குனிவது நேர விரயம், அதனால் யாரும் குனியக் கூடாது. முதுகு வலிக்கிறதா என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

1950களில் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 'ரோட்டோடிப்' என்ற முறையைக் கொண்டுவந்தது. முழுக் கார்க்கூட்டை நீளவாக்கில் ஒரு தண்டில் கோர்த்து, சுழற்றிக்கொண்டே தொட்டி தொட்டியாக முக்கி எடுப்பது. அழுக்கு நீக்கும் தொட்டி, துருத் தடுக்கும் தொட்டி, முதல் பூச்சுத் தொட்டி. சில்லின் உட்புறம்வரை பூச்சு போய்ச் சேரட்டும் என்பதற்காக. இன்றைக்கு ஜெர்மனியின் ட்யூர் நிறுவனம் விற்கும் 'ரோடிப்' அமைப்பில் கூடு தொட்டிக்குள் குறுக்கச்சில் குட்டிக்கரணம் அடித்து வெளியே வருகிறது. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். பூச்சுக்காகக் காரைத் திருப்பலாம் என்பது தொழிற்சாலைக்கு அப்போதே தெரிந்திருந்தது. அடியில் வேலை செய்யும் ஆளுக்காகத் திருப்பலாம் என்பது உறைக்க இன்னும் இருபது வருஷம் ஆயிற்று.

அது உறைத்த இடம் சுவீடன். அறுபதுகளின் கடைசியில் அங்கே கார் ஆலைக்கு இளைஞர்கள் வர மறுத்தார்கள். வந்தவர்களும் நிலைக்கவில்லை, சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பு எடுத்தார்கள். வேறு வேலை கிடைக்கும் நாடு அது, விட்டுப்போனாலும் பட்டினி இல்லை. வோல்வோவின் தலைவர் பேர் கில்லன்ஹம்மர் வேறு வழியில்லாமல் கல்மார் என்ற ஊரில் 1974இல் புதுவிதமான ஆலையைத் திறந்தார். ஓடும் வரிசை இல்லை. பேட்டரியில் ஓடும் தனித்தனி வண்டிகள் காரைச் சுமந்து குழுக்களிடம் கொண்டுபோகும். அடிப்பக்க வேலை வரும்போது அந்த வண்டி காரைப் பக்கவாட்டில் 90 டிகிரி சாய்த்துக் காட்டும். ஆள் நின்றபடி, கண்ணுக்கு நேரே, அடிப்பக்க வேலையை முடிக்கலாம். படுக்கமாட்டேன் என்று ஆட்கள் விலகியதால் கார் படுத்துக்கொண்டது. ஆலையை 1994இல் மூடிவிட்டார்கள். காரணம் பற்றிப் பொருளியல்காரர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். காரைச் சாய்த்துப் பிடிக்கும் வரிசைகள் மட்டும் பிற்பாடு வேறு பல ஆலைகளுக்கும் போய்ச்சேர்ந்தன.

வீட்டுக் கொட்டகையில் நடப்பதும் இதுவே, சின்ன அளவில். அங்கே காரின் சொந்தக்காரரும் அதன் கீழே கிடப்பவரும் ஒரே ஆள். வெல்டிங் பொறி தன் கழுத்தில் விழுந்த ராத்திரியே அவர் குழாய் வாங்கப் பட்டியல் போட்டுவிடுகிறார். யோசிக்கும் தலையும் பொறி விழும் கழுத்தும் ஓர் உடம்பில் இருப்பதன் பலன் இது.

நம் பட்டறைக்கு வருவோம். இங்கே அந்த இரண்டும் இரண்டு உடம்பில் இருக்கின்றன. டிங்கரிங் மேஸ்திரி நின்றபடி சொல்வார், கையாள் பையன் கீழே போவான். வெளிநாட்டில் இதற்கென்று சக்கரம் வைத்த படுக்கைப்பலகை உண்டு. இங்கே பழைய ஃபிளெக்ஸ் பேனர். எண்ணெய் ஊறாது, மடித்து வைக்கலாம், தேர்தலுக்குத் தேர்தல் புதிதாகக் கிடைக்கும். சிரித்த முகத்தோடு கைகூப்பி நிற்கும் தலைவரின் மார்பில் முதுகை வைத்துப் பையன் உள்ளே நகர்வான். வெளியே தெரிவது இரண்டு பாதங்கள் மட்டும். 'டேய், பதிமூணாம் நம்பர்' என்று மேஸ்திரிக்கும் அவனுக்கும் நடப்பது பாதங்களோடு நடக்கும் பேச்சுதான்.

அந்தப் பையனுக்கு வயதென்ன என்பது தனிக் கேள்வி. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் தடைப் பட்டியலில் மோட்டார்ப் பட்டறைகளும் பிற்பாடு சேர்ந்தன. 2016இல் வந்த திருத்தம், குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எல்லா வேலைகளிலிருந்தும் விலக்கியது. சட்டத்தால் பலன் இல்லை என்று சொல்லமாட்டேன், முன்பு பார்த்த பத்து வயதுப் பையன்கள் இப்போது கண்ணில் படுவது குறைவு. வயது கூடியிருக்கிறது, இடம் மாறவில்லை. இருபது வயதுக்காரனும் அதே ஃபிளெக்ஸில்தான் உள்ளே போகிறான்.

மேஸ்திரிகளைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்களும் அந்தப் பாதங்களாக இருந்து வந்தவர்களே. அவர்களுக்குக் காரைத் திருப்பத் தெரியாது என்பதும் பொய். அடித்தகடு முழுதாகப் போன கூட்டை நாலு பேர் பிடித்துப் பழைய டயர்களின்மேல் ஒருக்களித்துப் படுக்கவைத்து வேலை பார்ப்பதை எந்தப் பட்டறைத் தெருவிலும் காணலாம். அந்த நாலு பேரைக் கூப்பிடுவது சுலபம் என்பதால்தான் சட்டம் கட்டுவதில்லை. இடமும் ஒரு காரணம். நாலு மீட்டர் நீளக் கூடு, இரண்டு பக்கமும் தூண், சுற்றிலும் ஆள் நடக்க வழி என்று பார்த்தால் ஒரு கல்யாண மண்டபத்து மேடை வேண்டும். சென்னையில் பாதிப் பட்டறை தெருவில் நடக்கிறது, தெருவில் காரைச் சுழற்றினால் போக்குவரத்துப் போலீஸ் வந்துவிடும். வாடகை கொடுத்து ஒரு வண்டியை ஆறு மாதம் தொங்கவிட்டால் மேஸ்திரி என்ன சாப்பிடுவார்? கொட்டகைக்காரருக்கு இந்தக் கேள்வி இல்லை, அவருக்குச் சம்பளம் வேறு எங்கிருந்தோ வருகிறது. படுக்க வேண்டிய தேவையே இல்லாதவர் ஆசைக்காகப் படுத்து, பிறகு படுக்காமலிருக்க ஒரு பொறியும் செய்துகொள்கிறார் என்று இதைக் கேலியாகவும் சொல்லலாம். நான் பாதி மனதோடுதான் அந்தக் கேலியில் சேர்வேன்.

முதல்முறை காரைக் கவிழ்க்கும்போது உள்ளிருந்து கொட்டுவதைச் சொல்லாமல் விடக்கூடாது. நின்ற கோலத்தில் இத்தனை வருஷமாக வெளியேற வழியில்லாதவை எல்லாம் வடிதுளைகள் வழியாக இறங்கும். மணல், துருச் செதில், குளவிக்கூட்டு மண், செல்லாத நாணயம், கொண்டை ஊசி, எந்த மெக்கானிக்கோ தவறவிட்டுத் தேடாமல் போன நட்டு. ஒவ்வொரு கால்சுற்றுக்கும் இன்னொரு கைப்பிடி விழும். தார்ப்பூச்சைச் சுரண்டினால் சில வண்டிகளில் ஆலைத் தொழிலாளி மெழுகுக்கட்டியால் போட்ட கிறுக்கல்கள் அப்படியே இருக்கும். சரிபார்த்தாயிற்று என்பதற்கு ஒரு டிக், ஓர் எண், ஒரு கோடு. யாருடைய கை என்று எந்த ஏட்டிலும் கிடையாது.

இந்தக் கிறுக்கல்களுக்கு அமெரிக்காவில் ஒரு விசித்திரமான மறுபிறவி கிடைத்திருக்கிறது. மஸ்டாங், கார்வெட் மீட்பவர்கள் பழைய பூச்சை நீக்கும் முன் அவற்றைப் படம்பிடித்துக்கொண்டு, புதிய பூச்சின்மேல் அதே இடத்தில் அதே நிறத்தில் மறுபடி போடுகிறார்கள். பெயிண்ட் வழிந்த இடத்தில் வழியவிடுகிறார்கள். 1974இல் தொடங்கிய தேசிய கார்வெட் மீட்பாளர் சங்கத்தின் மதிப்பீட்டில், ஆலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருப்பதற்குத்தான் மதிப்பெண். ஆலையைவிட நன்றாகச் செய்தால் கழித்துவிடுவார்கள். கண்காட்சியில் காரின் அடியில் கண்ணாடி விரித்து எல்லாரும் பார்க்கும்படி வைக்கிறார்கள். ஏல விளம்பரங்களில் 'ரொட்டிசெரி மீட்பு' என்ற சொல் இருந்தாலே விலை ஏறுகிறது. அடியில் நின்று அவசரத்தில் கோடு கிழித்த தொழிலாளியின் கையெழுத்துக்கு இவ்வளவு மரியாதை. அந்தக் கைக்கு என்ன கூலி கிடைத்தது, தோள்பட்டை எப்போது தேய்ந்தது என்று மட்டும் மதிப்பெண் போடுகிறவர்கள் கேட்பதில்லை.

வேலை முடிந்து கார் சக்கரத்தில் நின்றபின் பொறி மிச்சமாகிறது. வீட்டில் வைக்க இடமில்லை, காயலான் கடைக்குக் கிலோக் கணக்கில் போட மனம் வராது. பெரும்பாலும் அடுத்த ஆள் வாங்கிப்போகிறார். பத்மினிக்காகக் கட்டியதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர் வாங்கினால் கொஞ்சம் வேலை இருக்கிறது. 1961 முதல் சென்னையில் தயாரான ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு, உடல் துண்டு துண்டாக அதன்மேல் போல்ட்டில் உட்காரும். சேஸிஸைத் தனியாகவே சுழற்றிவிடலாம். அதற்குத் தூணும் சுழல்குழாயும் போதும், கைகளை மட்டும் புதிதாகச் செய்ய வேண்டும், பத்மினியின் பம்பர்த் துளைகள் இதற்குப் பொருந்தாது. உடலையும் மாட்டிச் சுழற்றுவதாக இருந்தால் குறுக்குச் சட்டங்களைத் தாராளமாகப் போட வேண்டும், சேஸிஸை விட்டுக் கழன்ற ஹெரால்டு உடலுக்குத் தன் வடிவத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் வலு போதாது. விலை பேசும்போது வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தூணின் அடியிலுள்ள சிறு சக்கரங்களை. பூட்டு இல்லாத சக்கரமாக இருந்தால் அதற்குரியதைக் கழித்துக்கொண்டு வேறு வாங்கிப் போட்டுவிடலாம்.